அறுபத்தாறு வயதில் வீட்டோடு மாப்பிள்ளை

நான் 2012-இல் ஓய்வு பெற்றதாகப் பென்ஷன் புத்தகம் சொல்கிறது. என்னைக் கேட்டால் அது பாதி உண்மை. 58 வயது முடிந்த மாதக் கடைசியில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, அலுவலக ஜீப்பில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் நான் வெளியே கிளம்பிவிட்டேன். அதற்கப்புறம் எட்டு வருஷம் கிளம்பிக்கொண்டேதான் இருந்தேன்.

ஒரு ஓய்வூதியர் வீட்டில் தங்காமல் பொழுதைக் கழிக்க நங்கநல்லூரில் இல்லாத வசதி கிடையாது. விடியற்காலை நடை. நடை முடிகிற இடத்தில் டீக்கடை. அங்கே மத்திய, மாநில அமைச்சரவைகளை மாற்றி அமைத்துவிட்டு, 32 அடி ஆஞ்சநேயரை ஒரு சுற்று. டிபனுக்கு வீட்டுக்கு வந்து, தட்டை வைத்த கையோடு கிளை நூலகம். ஒரே செய்தியை நாலு பேப்பரில் படித்து முடிக்கப் பதினொன்று ஆகிவிடும். பிறகு வங்கி. என் கணக்கில் மாதத்துக்கு ஒரு வரவும் சில்லறையாக நாலைந்து செலவும்தான். அதற்காகப் பாஸ்புக்கில் பதியாமல் விட முடியுமா? கரண்ட் பில்லைப் போனிலேயே கட்டலாம் என்று டல்லாஸிலிருந்து மகன் சொல்லிக்கொடுத்தான். கவுண்டரில் வரிசையில் நின்று கட்டினால் அரை நாள் நகரும் என்கிற சூட்சுமம் அவனுக்குப் புரியவில்லை. வயசு போதாது. சாயங்காலம் உபன்யாசம். அது இல்லாத நாளில் பூங்கா பெஞ்சு. சோற்றுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் வீடு. இதைத்தான் உறவுக்காரர்கள், "ரிட்டயர் ஆகி வீட்டோட இருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நிஜமான ஓய்வு 2020 மார்ச் 24-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்தபோதுதான் கிடைத்தது. 21 நாள் யாரும் வீட்டு வாசற்படி தாண்டக் கூடாது என்றார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் காலண்டரைப் பார்த்தாள்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலுக்கு வந்து கைதட்டச் சொல்லியிருந்தார்கள். தெருவில் ஆளாளுக்குத் தட்டும் கரண்டியுமாக நின்றார்கள். எனக்கும் ஒரு தட்டு வேண்டும் என்றேன். "ஏற்கெனவே நசுங்கினது ஒண்ணு மேல் பரண்ல இருக்கு, அதை எடுத்துக்குங்க" என்று பதில் வந்தது. தேச சேவைக்கென்று என்னை நம்பி ஒரு முழுத் தட்டைக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. இந்த ஊரடங்கில் என் இடம் எது என்பதை அப்போதே ஊகித்திருக்கலாம்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பூகோளச் சிறப்பு உண்டு. மீனம்பாக்கம் விமான நிலையம் கூப்பிடு தூரம். ஆனால் கூப்பிட்டால் காதில் விழாது. முப்பது வருஷமாக எங்கள் தாம்பத்தியத்தில் பாதி வாக்கியங்கள் விமானத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டவை. "நாளைக்கு எங்க அண்ணன்..." என்று அவள் ஆரம்பிப்பாள். ஒரு விமானம் போகும். நான் தலையை ஆட்டுவேன். மறுநாள் அண்ணன் பெட்டியோடு வந்து நிற்கும்போது, "சொன்னியா? விமானம் போச்சு போலிருக்கு" என்பேன். குழாய் ரிப்பேர், கல்யாணப் பத்திரிகை, கேஸ் புக் பண்ணுவது என்று எனக்குக் கேட்காமல் போன உத்தரவுகளுக்கு இந்திய விமானப் போக்குவரத்துத் துறைதான் பொறுப்பு. மார்ச் 24 நள்ளிரவோடு உள்நாட்டு விமானங்களையும் நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலையிலிருந்து அவள் பேசியது முழுக்க முழுக்கக் கேட்டது. ஒரு சொல் சிந்தவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே, மாடித் தொட்டி கழுவ வேண்டியது, ஸ்டோர் ரூம் விளக்கு, என் மூக்குக்கண்ணாடியை நான் வைக்கும் லட்சணம் என்று மூன்று பொருள்கள் பற்றித் தெளிவான ஒலிபரப்பு. மே 25-ஆம் தேதி விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று அந்தக் கம்பெனிகளுக்கே தெரியாது. ஆனால் சென்னைக்கு நாளொன்றுக்கு 25 விமானம்தான் வந்திறங்கலாம் என்று கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். என் தேவைக்கு அது எந்த மூலைக்கு?

வேலை செய்கிற அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லி, சம்பளத்தை மட்டும் மாதாமாதம் கொடுத்துவிடுவது என்று என் மனைவி முடிவெடுத்தாள். அந்தக் காலியிடத்தை நிரப்ப விளம்பரம், நேர்காணல் எதுவும் இல்லாமல் என்னை நியமித்தாள். பாத்திரம் தேய்க்கும் பணி. தொகுப்பூதியம்கூடக் கிடையாது.

எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் முக்கால்வாசி 1981-இல் சீராக வந்தவை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் என் மாமனாரின் இனிஷியல், பெயர், கல்யாணத் தேதி எல்லாம் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். முப்பத்தொன்பது வருஷம் அதில் சாப்பிட்டவன் ஒரு நாளும் அதைப் படித்ததில்லை. தேய்க்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்தப் புள்ளிகளுக்குள்தான் சாம்பார் போய் ஒளிந்துகொள்கிறது என்று. சாதாரண நார் அதை எடுக்காது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் புளியும் உப்பும் தொட்டு, ஒவ்வொரு எழுத்தாக, கொம்பு, கால், சுழி விடாமல் தேய்க்க வேண்டும். மாமனார் தாசில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் கண்காணிப்பாளருக்கு மேலே போகவில்லை. இந்த விஷயத்தில் அவருக்கு என்மேல் கடைசி வரை ஒரு மனக்குறை உண்டு. அவர் காலமாகி இருபது வருஷம் ஆனபின், வேளைக்கு வேளை அவர் பெயரைக் குனிந்து பளபளப்பாக்கிக்கொண்டிருந்தேன். போதாததற்கு வீட்டுப் பத்திரமும் என் மனைவி பெயரில். அவள் நகையை அடகு வைத்துத்தான் அஸ்திவாரம் போட்டது. யோசித்துப் பார்த்தால் நான் இத்தனை காலமும் வீட்டோடு மாப்பிள்ளையாகத்தான் இருந்திருக்கிறேன். வீட்டோடு இல்லாததால் தெரியவில்லை. ஒரு லாபம் மட்டும் உண்டு. கல்யாண நாளை மறப்பவன் என்ற கெட்ட பெயர் அந்த வருஷம் போயிற்று. தினமும் மூன்று வேளை படித்தால் யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது?

பால் பாக்கெட்டைக் குளிப்பாட்டுவதும் என் பொறுப்பு. மகன் வீடியோவில் முறை சொல்லிக்கொடுத்தான். பிளாஸ்டிக் டப்பில் சோப்புத் தண்ணீர் கலக்கி, ஆவின் பச்சைப் பாக்கெட்டை உள்ளே முக்கி, இருபது வினாடி தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் வைக்க வேண்டும். சோப்பு பட்ட பால் பாக்கெட்டைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சுபாவம் தெரியும். இறுக்கிப் பிடித்தால் நழுவி ஓடும். லேசாகப் பிடித்தால் விழும். விழுந்த பாக்கெட் வாஷ்பேசின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, மறுபடி முதலிலிருந்து கழுவச் சொல்லும். எல்லாம் முடித்துத் துணிக் கொடியில் இரண்டு கிளிப் போட்டு மாட்டினேன். என் பனியனுக்கும் அவள் உள்பாவாடைக்கும் நடுவில் அரை லிட்டர் பால் சொட்டுச் சொட்டாக நீர் வடித்துக்கொண்டு தொங்கியது. அன்றைக்குக் காபியில் நுரை அமோகம். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவள், "இதுல டிகாக்‌ஷன் எவ்வளவு, சர்ஃப் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள்.

இதெல்லாம் உடலுழைப்பு. நான் சொல்ல வந்தது வேறு. ஊரடங்கின் இரண்டாவது வாரத்தில்தான் வீட்டில் ஒரு நேரம் காணாமல் போயிருப்பதைக் கவனித்தேன். என்னுடையதல்ல, அவளுடையது. நான் நூலகமும் வங்கியுமாகச் சுற்றிய அந்தப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை இந்த வீடு முழுக்க அவள் ராஜ்ஜியமாக இருந்திருக்கிறது. சமையலை முடித்து, கூடத்து ஊஞ்சலில் காலை நீட்டிக்கொண்டு, வார இதழை மடியில் போட்டுக்கொண்டு, கும்பகோணத்துத் தங்கைக்குப் போன் போடுவாள் போலிருக்கிறது. அந்த ஊஞ்சலில்தான் இப்போது நான் உட்கார்ந்திருந்தேன். ஆடிக்கொண்டு வேறு.

போனை எடுப்பாள். ஊரடங்கு ஆரம்பித்த புதிதில் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஒரு இருமல் கேட்கும், பிறகுதான் விழிப்புணர்வு உபதேசம். கும்பகோணத்தில் இருமல் முடிந்து தங்கை குரல் வந்ததும் இவள் ஒரு தடவை என் பக்கம் திரும்புவாள். பிறகு, "இங்கேதான்... ஆமா... ஊஞ்சல்ல" என்பாள். அப்புறம் "ம்", "ம்ஹூம்", "நீயே பாத்துக்கோயேன்" என்று பத்து நிமிஷம். இத்தனை வருஷமாக ரெண்டரை மணி நேரம் ஓடிய பேச்சுக்கு ஒரே பொருள்தான் இருந்திருக்க வேண்டும், அந்தப் பொருள் இப்போது எதிரே உட்கார்ந்து ஆடுகிறது என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. உறைத்தபின் நான் நாகரிகமாக எழுந்து அடுக்களைக்குப் போனேன். அடுக்களையில் நின்றால் பேச்சு இன்னும் நன்றாகக் கேட்கிறது என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். அவள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

தூர்தர்ஷனில் மார்ச் 28-ஆம் தேதி முதல் பழைய ராமாயணத்தை மறுபடி போட்டார்கள். காலை ஒன்பது, இரவு ஒன்பது. 1987-இல் வந்த ராமானந்த் சாகரின் அதே தொடர், அதே அருண் கோவில். நான் சின்ன வயதில் ஹிந்தி பிரசார சபையில் மத்யமா வரை தேறியவன். ஆகவே வசனம் வசனமாகத் தமிழில் எடுத்துச் சொன்னேன். வசிஷ்டர் மூச்சு விடாமல் கால் மணி நேரம் பேசியதை, "வேண்டாம்னு சொல்றார்" என்று சுருக்கினேன். "எதை வேண்டாங்கறார்?" என்றாள். அவ்வளவு தூரம் மத்யமாவில் கிடையாது. "எனக்குக் கதை தெரியும், நீங்க கொஞ்சம் சும்மா இருந்தா படம் புரியும்" என்றாள். கைகேயிக்குப் பரிந்து நான் ஒரு வார்த்தை சொன்ன அன்று எனக்கு ராத்திரி மோர்தான்.

ஏப்ரல் வெயிலை வீணாக்குவது அவள் பரம்பரையிலேயே கிடையாது. ஊர் அடங்கினாலும் வடாம் அடங்காது. விடியற்காலை நாலு மணிக்குக் கூழ் கிளறி, ஆறு மணிக்குள் மொட்டை மாடியில் என் பழைய எட்டு முழ வேட்டியை விரித்து, நாழியில் பிழிந்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விடுவாள். காக்காய்க் காவல் எனக்கு. கையில் கறுப்புக் குடை, பக்கத்தில் ஒரு குச்சி, நாலு மூலைக்கும் வரமிளகாய். காக்காய்களுக்கு அது போதாத காலம். டீக்கடை இல்லை, ஹோட்டல் இல்லை, கல்யாண மண்டப எச்சில் இலை இல்லை. பசியோடு வந்தன. ஒன்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து என்னை நேராகப் பார்க்கும். நான் அதைப் பார்த்துக் குச்சியை ஆட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பின்பக்கமாக நடந்து வந்து ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும். இரண்டுக்கும் முன்கூட்டியே பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது. சாப்பாட்டு வேளையில் இதே காக்காய்களை "கா, கா" என்று கூப்பிட்டுச் சோறு வைத்துக் கும்பிடுகிற வீடுதான் இது. காலையில் துரத்துகிறவனை மத்தியானம் கூப்பிட்டால் என்ன மரியாதை இருக்கும்?

நிமிர்ந்து பார்த்தால் எதிர் மாடியிலும் ஒரு குடை. அதற்கடுத்த மாடியில் தொப்பியும் துண்டுமாக இன்னொருவர். எல்லாம் என் டீக்கடைச் சகாக்கள்தான், ஆளுக்கொரு வேட்டி வடாமோடு. அங்கிருந்து "நேத்து எத்தனை கேஸ்?" என்று கத்துவார். சாயங்காலம் டிவியில் சுகாதாரத் துறைச் செயலர் பீலா ராஜேஷ் படித்த எண்ணிக்கையை நான் இங்கிருந்து திருப்பிக் கத்துவேன். அகவிலைப்படியை நிறுத்தி வைத்த செய்தி எங்களுக்குள் மாடிக்கு மாடி தாவித்தான் பரவியது. முதலில் மத்திய அரசு 2021 ஜூலை வரைக்கும் என்றது. ஏப்ரல் கடைசியில் மாநில அரசும் அதே வழியில் வந்தது. துக்கம் தாளாமல் கீழே போய் மனைவியிடம் சொன்னேன். "எனக்கு 1981-லேருந்து நிறுத்தி வச்சிருக்கு, நான் மாடில நின்னா கத்தறேன்?" என்றாள்.

மே 7-ஆம் தேதி மூத்த ஊழியர்கள் சமூகத்துக்கு இரட்டைச் சேதி. ஓய்வு பெறும் வயதை 58-இலிருந்து 59 ஆக்கி அரசாணை. அதே நாளில் சென்னைக்கு வெளியே டாஸ்மாக் திறப்பு, 50 வயதைத் தாண்டியவர்களுக்குக் காலையிலேயே முதல் வரிசை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. இருந்தாலும், மூத்த குடிமக்களை முன்னால் நிறுத்த வேண்டும் என்று ஒரு துறைக்காவது தோன்றியதே என்று மனசு நெகிழ்ந்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொல்லிவிட்டது. முதியோருக்கான எந்தத் திட்டம் இங்கே ஒரு நாளுக்கு மேல் நின்றிருக்கிறது?

நின்றது ஒன்றே ஒன்றுதான். மே மாதத் தொடக்கத்தில் மத்திய உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவு. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் அத்தியாவசியத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் தவிர வீட்டிலேயே இருக்க வேண்டும். எனக்கு வயது 66. சர்க்கரை உண்டு. இரண்டு இனங்களில் வருகிறேன். அவளுக்கு 61. இன்றுவரை ஒரு மாத்திரையும் கிடையாது. ஆக, காய்கறி வண்டி, மளிகை, மருந்துக்கடை, வங்கி எல்லாம் சட்டப்படி அவள் கைக்குப் போயின. மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு பையைத் தோளில் மாட்டுவாள். "கதவைச் சாத்திக்குங்க. யாராவது பெல் அடிச்சா ஜன்னல் வழியா பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்குவாள். நான் கர்ப்பிணிகள், குழந்தைகள் அணியில் ஜன்னலோரம் நிற்பேன்.

முப்பத்தைந்து வருஷம் அரசாணைகளுக்குள் ஓட்டை தேடியே சம்பளம் வாங்கியவன் சும்மா இருப்பேனா? "அத்தியாவசியத் தேவை தவிர" என்று தெளிவாக இருக்கிறது, பார் என்று போனில் பெரிதாக்கிக் காட்டினேன்.

"உங்களுக்கு என்ன அத்தியாவசியம்?"

"டீ."

"அது அடுக்களைல இருக்கு."

"பாஸ்புக்."

"எனக்கு மெசேஜ் வருது."

பென்ஷன் வந்த செய்தி என் மனைவியின் போனுக்குப் போகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். மகன் செய்த ஏற்பாடாம்.

இத்தோடு கபசுரக் குடிநீர் வேறு. ஐந்து கிராம் பொடியை 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாகச் சுண்டக் காய்ச்ச வேண்டும் என்பது கணக்கு. பதினைந்து சரக்கும் தங்கள் தங்கள் கசப்பை ஒளிக்காமல் தரும். டம்ளரை நீட்டி, நான் விழுங்கித் தொண்டை இறங்குவதைப் பார்த்தபின்தான் அவள் நகர்வாள். "நீ குடிக்கலியா?" என்றால், "நான் 65-க்குக் கீழே" என்பாள். உத்தரவில் அப்படி ஒரு விலக்கு எங்கேயும் இல்லை. பார்த்துவிட்டேன்.

ஜூன் 19 முதல் மாதக் கடைசி வரை சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு. கடைக்குப் போவதானால் நடந்துதான் போக வேண்டும், அதுவும் இரண்டு கிலோமீட்டருக்குள். அந்த இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற எல்லாத் தெருவும் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. பழவந்தாங்கல் பக்கம் கீரை மலிவு என்பதும், நான் எட்டு வருஷம் அரசியல் பேசிய டீக்கடைக்காரருக்கு மூன்று பெண்கள் என்பதும், அவர் இப்போது அதே இடத்தில் முருங்கைக்காய் விற்கிறார் என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் என்னை விசாரித்தாராம். "சார் இல்லாம நிம்மதியா இருக்குன்னாரா?" என்று கேட்டேன். "அதை நான் சொன்னேன், அவருக்கு நிம்மதியா இருக்குமேன்னு" என்றாள்.

இதற்கிடையில் அவளுக்கு வெளியே போய்வருவது பழகிவிட்டது. ஒன்பதரைக்குக் கிளம்பினால் பதினொன்றரை ஆகும். வரும்போது முகத்தில் ஒரு தெளிவு. ஒரு நாள் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். தெருமுனை வேப்பமரத்தடியில், மூடிக் கிடந்த அயர்ன் வண்டியில் சாய்ந்துகொண்டு, மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டு, கும்பகோணத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். கை தாராளமாக ஆடியது. என் நடையை நடித்துக் காட்டினாள் என்றுகூடச் சந்தேகம். போனில் நடையை நடித்துக் காட்டி என்ன பயன் என்று நினைத்தேன். பிறகு, அது வீடியோ காலாக இருக்கலாம் என்று தோன்றியது.

செப்டம்பர் 1-ஆம் தேதி கோயில்களைத் திறந்தார்கள். 65-ஐத் தாண்டியவர்கள் வராமலிருப்பது நல்லது என்று அதிலும் மறக்காமல் ஒரு வரி. அவள் தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனாள். திரும்பிவர நேரமாயிற்று.

"எப்படி இருக்கார்?" என்றேன்.

"அப்படியேதான் நிக்கறார். தேங்காய் பழம் ஒண்ணும் வாங்கிக்க மாட்டேங்கறாங்க. கும்பிட்டுட்டு நகரணும்."

"என்ன வேண்டிக்கிட்டே?"

"எல்லாம் உங்களுக்காகத்தான்."

எனக்குத் தொண்டை அடைத்தது. என் சர்க்கரை, என் மூட்டுவலி, எல்லாம் அவள் மனசில் இருந்திருக்கிறது. "எனக்காகவா?" என்றேன்.

"ஆமா. 65-க்கு மேலே இருக்கறவங்களைச் சீக்கிரம் வெளியே விட்டுட்டா வடைமாலை சாத்தறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"நூத்தியெட்டு வடையா?"

"இந்த மாசத்துக்குள்ளேயே விட்டுட்டாங்கன்னா ஆயிரத்தெட்டு."